மூக்கு இருந்திருக்கும்

மூன்றாவது தடவையாக மச்சானைப் பிடித்துவந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள்.

"மாமா, இதுவும் நீங்க வரைஞ்சதுதானா?"

படக்காரர் தலையைச் சொறிந்தார். சாட்சி சொல்லச் சொல்லத் திருடன் முகத்தை வரைவது அவர் உத்தியோகம். படம் பழகிய காலத்தில் அவர் முன்னால் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தவன் மனைவியின் தம்பி ஒருவன்தான். கை அதையே பிடித்துக்கொண்டது. யார் என்ன சொன்னாலும் தாளில் மச்சான் வந்து நின்றான்.

வீட்டில் மனைவி காத்திருந்தாள்.

"அடுத்த மாசம் அவனுக்குக் கல்யாணம். 'மாப்பிள்ளை அடிக்கடி ஸ்டேஷன் போறாரே, அங்கதான் வேலையா?'ன்னு சம்பந்தி கேக்கறார். என்ன சொல்ல?"

அடுத்த படத்துக்குப் படக்காரர் மீசை வைத்தார். கல்யாணத்துக்காக மச்சான் அப்போதுதான் மீசை வளர்த்து முடித்திருந்தான். பிடித்தார்கள்.

அதற்கடுத்த படத்தை மொட்டையாக்கினார். போலீசுக்குப் பயந்து மச்சான் அன்று காலைதான் மொட்டை அடித்திருந்தான்.

"இன்னொரு தடவை பிடிச்சா கல்யாணம் கிடையாதாம். அப்புறம் இந்த வீட்ல உங்களுக்குச் சாப்பாடும் கிடையாது" என்றாள் மனைவி.

மறுநாள் கடிகாரக் கடையில் திருட்டு. கடைக்காரர் வந்தார்.

"மூஞ்சி எப்படிங்க?"

"ஓடுறப்ப முதுகைத்தான் சார் பார்த்தேன்."

"மூக்கு?"

"இருந்திருக்கும் சார்."

படக்காரருக்கு உயிர் வந்தது. மச்சான் ஒல்லி, இவனைக் குண்டாக்கினார். மச்சானுக்குக் கூர்மூக்கு, இவனுக்குச் சப்பை. காதை முறம்போல விரித்தார். கன்னத்தில் ஒரு மருவும் வைத்தார். மத்தியானத்துக்குள் தெருவெல்லாம் ஒட்டிவிட்டார்கள்.

சாயங்காலம் மனைவி ஒரு படத்தைச் சுவரிலிருந்து கிழித்துக்கொண்டு வந்தாள்.

"அடப்பாவி மனுஷா! இது சம்பந்திங்க!"

பார்த்தார். சம்பந்திதான். நிச்சயதார்த்தத்தன்று ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட முகம். மருகூட இடம் மாறவில்லை.

"காலில் விழுந்திடலாம்" என்றார் படக்காரர். தவறு ஸ்டேஷனுடையது என்பதால் இன்ஸ்பெக்டரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூடவே வந்தார்.

கதவைத் திறந்த சம்பந்தி தொப்பியைப் பார்த்தார். படக்காரரைப் பார்த்தார். படக்காரர் காலில் விழக் குனிவதற்குள் சம்பந்தி உள்ளே போய் ஒரு பையோடு வந்தார். பைக்குள் டிக் டிக் என்று சத்தம்.

"ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமத்தானே ஓடினேன், மரு வரைக்கும் எப்படிங்க பிடிச்சீங்க? இதை மனசுல வெச்சுக்கிட்டுக் கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க சம்பந்தி!"