சீதளானந்தர் குடித்த தே

லிட்டில் இந்தியாவில் அந்தக் கடைவீட்டின் மாடிப்படி முழுக்க விலையுயர்ந்த ஓட்டக் காலணிகள். மேலே, குளிரூட்டும் ஏர்கானுக்கு நேர் கீழே, கம்பளிச் சால்வை போர்த்தி வீற்றிருந்தார் சீதளானந்தர். வெயிலில் ஓடப் போகிறவர்களின் உடம்புச் சூட்டைக் காசு வாங்கிக்கொண்டு முன்கூட்டியே மந்திரத்தால் உறிஞ்சிவிடுவாராம். படித்தவர்கள்தான் வரிசையில் நின்றார்கள். படிக்காதவர்களுக்கு மாரத்தான் ஓட ஏது நேரம்?

ரக்ஷனாவின் கணவன் அகிலனும் நின்றான். போன வருஷம் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்தவன். ஆம்புலன்ஸில் மனைவியைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டவன். இன்று மாலை மறுபடியும் அதே ஓட்டம். டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: ஓடுமுன் அரைத்த ஐஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், நிழலில் இருங்கள், மெதுவாக ஆரம்பியுங்கள். அகிலனுக்கு நம்பிக்கை வரவில்லை. டாக்டர் இடையில் ஒரு மந்திரமாவது சொல்லியிருக்கலாம்.

ரக்ஷனா செங்காங் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க் நிறைய அரைத்த ஐஸோடு வந்திருந்தாள். அதைச் சாமி பார்த்துவிட்டார்.

"ஐஸா? உள்ள போனா சூடு நெஞ்சுக்கு ஓடிடும். கொட்டிடும்மா."

பிறகு அகிலனின் நெற்றிக்கு நேராக வெப்பமானியை நீட்டினார் சாமியின் பக்கத்தில் நின்ற சீடர். "முப்பத்தாறு!" சாமி முணுமுணுத்தார். செம்பிலிருந்து மெந்தால் மணக்கும் ஈரத் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "முப்பத்து மூணு!" கூட்டம் வாய் பிளந்தது. ஈரத் துண்டால் துடைத்தால் தோல் குளிரும் என்ற பரம ரகசியம், அங்கிருந்த எஞ்சினியர்களில் ஒருவருக்குக்கூடத் தெரியாது போலும்.

"இனி எவ்வளவு வேகமா வேணாலும் ஓடு மகனே. சூடு உன்னைத் தொடாது."

"ஃபுல் ஸ்பீடுல போகப் போறேன்லா," என்றான் அகிலன், ரக்ஷனாவிடம். முகமெல்லாம் சந்தோஷம். அவள் ஐஸைக் கொட்டவில்லை; ஃபிளாஸ்க்கை இறுக மூடினாள்.

பேசிப் பயனில்லை. கீழே இறங்கினாள். பக்கத்துக் கடையில் கொதிக்கக் கொதிக்க ஒரு தே, அதான் டீ, வாங்கி, பீங்கான் கோப்பையோடு மேலே வந்தாள்.

"சாமி, இதுக்கும் சூட்டை இறக்கிக் கொடுங்க."

சாமி சிரித்தார். கூட்டமும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. செம்பிலிருந்த துண்டை எடுத்துக் கோப்பையைச் சுற்றித் துடைத்தாள். "அளந்து சொல்லுங்க அண்ணே." சீடருக்குப் பழக்க தோஷம். கோப்பைக்கு நேராக வெப்பமானியை நீட்டிவிட்டு உரக்கக் கத்தினார்:

"இறங்கிடுச்சு சாமி!"

"அப்ப சரி. ஒரே மடக்குல குடிங்க சாமி."

குடிக்காவிட்டால் மானம் போகும். சாமி கோப்பையை வாயருகே கொண்டுபோனார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, உதட்டைக் குவித்து ஊதினார். மறுபடியும் ஊதினார்.

"ஏன் சாமி ஊதுறீங்க?" கேட்டது அகிலன்.

"அது... மந்திரக் காற்று மகனே."

"வெளியதான் ஆறியிருக்கு," என்றான் அகிலன். "உள்ள அப்படியே கொதிக்குது. எனக்கும் இதேதானா சாமி?"

பேச்சை மாற்றச் சாமி ஒரு வாய் குடித்தார். நாக்கு வெந்தது. "ஐயோ, தண்ணி!" என்று அலறினார். மெந்தால் கலந்த செம்புத் தண்ணீரைத் தொட அவருக்கே பயம். ரக்ஷனா ஃபிளாஸ்க்கைத் திறந்து நீட்டினாள். ஐஸை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார் சீதளானந்தர். சூடு அவர் நெஞ்சுக்கு ஓடியதாகத் தெரியவில்லை.

மிச்ச ஐஸை அகிலன் நிழலில் உட்கார்ந்து குடித்தான். மெதுவாக ஓடினான். கடைசிக் கும்பலோடு வந்தாலும் தன் காலில் வந்து சேர்ந்து, "ரக்ஷனா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் அங்கேயே அழுதுவிட்டாள்.

மாடியில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? பாதிப் பேர் காலணியைத் தேடிக்கொண்டு போனார்கள். மீதிப் பேர், சாமி ஊதிய தேயைப் பிரசாதமாகக் கேட்டு வரிசையில் நின்றார்கள். யோசிப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை ஐயா. அதனால்தான் அந்தப் பக்கம் கூட்டமே சேருவதில்லை.