பதினேழாம் தேற்றமும் முப்பத்துநான்கு மதிப்பெண்ணும்

சித்தூர்,
ஜூன் 3.

கர்த்தருடைய கிருபையால் ஸ்ரீ சிட்டியில் சுகத்தோடும் நைட் ஷிஃப்டு இல்லாமலும் இருக்கிற என் அன்பு மைத்துனன் ஆண்ட்ரூவுக்கு, உன் அக்காள் புருஷனும் ஒன்பதாம் வகுப்பில் உனக்குக் கணக்கு வாத்தியாருமாகிய ஞானசிங் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் ஞானமணியும் சுகம். இதில் என் சுகம் அவள் கோபத்துக்கு உட்பட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் தபாலில் அனுப்புகிறேனே என்று நீ யோசிப்பாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அடுத்த நிமிடம் குடும்பக் குழுவில் போட்டுவிடுவாய், வேலூர் வரைக்கும் சிரிப்பார்கள். அதனால்தான்.

முப்பத்தொரு வருடம் நம் மிஷன் பள்ளியில் நான் எழுதிப் போட்ட நோட்ஸை ‘ஐயமற வடிவியல்’ என்று புத்தகமாக்கி, ‘காரணமில்லாமல் ஒரு வரியும் இந்நூலில் இல்லை’ என்று முன்னுரையும் எழுதி, பதினாலாம் தேதி சனிக்கிழமை சபை மண்டபத்தில் வெளியீடு என்று போதகரிடம் சொல்லி வைத்தது உனக்குத் தெரியும். லேடெக் என்று ஒன்று இருக்கிறது, கணக்குப் புத்தகங்களுக்கு அச்சுக் கோக்கிற கணினி முறை, அதில் நானே கற்றுக்கொண்டு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் தட்டி, தேற்றங்களையெல்லாம் தடித்த எழுத்தில் போட்டு அழகு பார்த்தேன். அதோடு விட்டிருக்கலாம். திருப்பதியில் இதே வேலை பார்க்கிற என் மகள், உன் மருமகள் கேசியா வந்து பார்த்துவிட்டு, “தடியா போட்டா கண்ணுக்குத் தெரியும் நைனா, கம்ப்யூட்டருக்கு இன்னா தெரியும்? இது வரையறை, இது தேற்றம், இந்தத் தேற்றம் எத நம்பி நிக்கிது, எல்லாத்துக்கும் பொருள் குறி போடணும். அப்பதான் கண்ணு தெரியாத புள்ளைக்கு அது படிச்சிக் காட்டும், வார்த்தைய தொட்டா அர்த்தம் வரும்” என்றாள். “நீயே போட்டுடேன்மா” என்றேன். “நீங்க இன்னா நெனச்சி எழுதினீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள். நியாயம்தானே என்று உட்கார்ந்தேன். அன்றைக்குப் பிடித்தது சனி.

முதல் நாளே, பன்னிரண்டாம் பக்கத்தில் A என்றால் பரப்பளவு, பதின்மூன்றில் A என்றால் ஒரு புள்ளி, பதினாலில் A என்பவர் பங்காருபாளையம் மண்டியில் மாம்பழம் வாங்குகிறார், இதில் எந்த A என்று கம்ப்யூட்டர் குறி கேட்டது. மூன்றுக்கும் தனித்தனியாகப் போட்டேன். பிறகு எந்தக் குறியிலும் அடங்காத பகுதிகள் என்று கேசியா மஞ்சள் பூசிக்கொண்டே போனாள், நாற்பத்தொரு பக்கம் வந்தது. “இதெல்லாம் இன்னாம்மா?” என்று கேட்டேன், “சும்மா பேசினுகீறீங்க நைனா” என்றாள். முப்பத்தொரு வருடம் பிள்ளைகள் அதற்குத்தான் சிரித்தார்கள் என்பது அவளுக்கு எங்கே தெரியும்! நடுவில் திருப்பதி அச்சகத்துச் சீனு காலையும் மாலையும் போன் போட்டு “மேஷ்டாரு, எப்புடு இஸ்தாரு?” என்று, எப்போது தருவீர்கள் என்று கேட்டே என் உயிரை வாங்கினார். இந்தக் குறி போடுகிற புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. உன் அக்காள் அடுப்படியிலிருந்து “அத இப்படி எடுங்க” என்றாள். நான் சும்மா இராமல் “அது என்பதை முதலில் எங்கே வரையறுத்தாய்?” என்று கேட்டுவிட்டேன். கரண்டியோடு வெளியே வந்தாள். “முப்பத்தஞ்சி வருஷம் குடும்பம் பண்ணவருக்கு அதுன்னா இன்னான்னு தெரியாதா? துன்றதுன்னா இன்னான்னு மொதல்ல அர்த்தம் எழுதிக்கினு வாங்க, அப்பறம் சோறு போடறேன்” என்றாள். அன்று மத்தியானம் நான் பேருந்து நிலையத்துப் பக்கம் இட்லி தின்றதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது.

இதெல்லாம் சில்லறை. பெரிய இடி போன வியாழக்கிழமை விழுந்தது. கடைசிக் குறியையும் போட்டு ஓட்டினேன், பிழை என்று சிவப்பாக ஒரு வரி வந்தது. எந்தத் தேற்றம் எதன்மேல் நிற்கிறது என்று கேசியா ஒரு படம் வரவழைத்தாள். எல்லா அம்புக்குறியும் ஒழுங்காகக் கீழே இறங்கித் தரையைத் தொட்டன. இரண்டே இரண்டு மட்டும், குடித்தவர்கள் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு நிற்பார்களே, அப்படி நின்றன. இணைகோடுகளின் குறுக்கே ஒரு கோடு போனால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பது பதினேழாம் தேற்றம், அதை நான் முப்பத்தொன்றாம் தேற்றத்தை வைத்து நிரூபித்திருக்கிறேன். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து நூற்றெண்பது பாகை என்பது முப்பத்தொன்று, அதைப் பதினேழை வைத்து நிரூபித்திருக்கிறேன். கேசியா வாயைப் பொத்திக்கொண்டு, “நைனா, இது ஆண்ட்ரூ மாமா கேட்டதுதான?” என்றாள்.

அதேதான். ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து நீ கேட்டாய். “சார், பதினேழு முப்பத்தொண்ணால வருது, முப்பத்தொண்ணு பதினேழால வருது. ரெண்டுல எது சார் மொதல்ல?” வகுப்பே என்னைப் பார்த்தது. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம், மாமனார் வீட்டுப் பையன் நாலு பேர் முன்னால் மடக்குகிறானே என்று ரோஷம் வந்துவிட்டது. “மொதல்ல நீ வெளியே போ” என்றேன். ஒரு வாரம் புங்கமரத்தடியில் நின்றாய். முழுப்பரீட்சையில் அதே பதினேழைப் பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்டேன், நீ ‘இதை நிரூபிக்க முடியாது’ என்று ஒரே வரி எழுதினாய், நான் சுழி போட்டேன், மொத்தம் முப்பத்துநான்கு. ஒன்று கூட்டிப் போட்டால் பாஸ். போடவில்லை. அதற்குப் பிறகு நீ கணக்குப் பக்கமே வராமல், இன்றைக்குத் தொழிற்சாலையில் அடுத்தவன் செய்த சாமானில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிற உத்தியோகத்தில் இருக்கிறாய். அதற்கு உன்னைத் தயார் செய்ததும் நான்தான் என்று சொல்ல நினைத்தேன், உன் அக்காள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

வெளியீட்டுக்கு நான் அனுப்பிய அழைப்புக்கு நீ என்ன பதில் போட்டாய்? “மாமா, உள்ள வரலாமா, இல்ல வெளிய நின்னுக்கினே கேக்கணுமா?” என்று போட்டாய். சிரிக்கத்தான் போட்டிருப்பாய். ஞானமணி படித்துவிட்டு அழுதாள். “என் தம்பி வராத கூட்டத்துக்கு நானும் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். உனக்கென்று வாங்கிய பங்காருபாளையம் மாம்பழப் பெட்டி கூடத்தில் பழுத்து மணக்கிறது, எங்களில் ஒருவரையும் அவள் தொட விடவில்லை. அவள் இல்லாமல் அந்த மேடையில் நான் என்னத்தைப் பேசுவேன்?

ஆகவே எழுத்துமூலம் சொல்கிறேன். நீ கேட்டது சரி, நான் வெளியே அனுப்பியது தப்பு, என்னை மன்னித்துவிடு. இந்தப் பிழையைக் கண்டவர் ஆண்ட்ரூ என்று புத்தகத்திலேயே அச்சடிக்கிறேன். பதினாலாம் தேதி முதல் வரிசையில் உனக்கு நாற்காலி.

உன் வீட்டார் எல்லாரையும் ஆண்டவர் தம் சிறகின் கீழ் காப்பாராக. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், கேள்வியும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா
ஞானசிங்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு யோசனை வந்தது. பதினேழுக்குப் போட்டிருந்த ‘தேற்றம்’ என்ற குறியை அழித்துவிட்டு ‘அடிப்படை உண்மை’ என்று குறி போட்டு ஓட்டினேன். சிவப்பு வரி போய்விட்டது. அடிப்படை உண்மைக்கு நிரூபணம் தேவையில்லை, எல்லாரும் ஒப்புக்கொண்டு அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், கேசியாவே இது முறைதான் என்கிறாள். ஆகவே புத்தகத்தில் பிழை இல்லை, பிழை இல்லாததால் மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், முப்பத்துநான்கு முப்பத்துநான்குதான். விருப்பமிருந்தால் வரலாம்.

பி.கு.வுக்கும் ஒரு பி.கு.: மேலே உள்ளதை உன் அக்காளிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். கத்தரிக்காய் அரிந்துகொண்டே கேட்டாள்: “அப்போ அத யாராலயும் நிரூபிக்க முடியாதா?” தேவையில்லை, அதைத் தனியாக நிரூபிக்க வழியில்லை என்றேன். “என் தம்பியும் அதத்தான எழுதினான்?” என்றாள். எட்டாவதோடு நின்றவள். அரை மணி நேரம் எல்லாக் குறியையும் தேடிப் பார்த்தேன், இதற்குப் பதில் சொல்ல ஒரு குறியும் இல்லை. அந்தப் பத்தையும் சேர்த்து உனக்கு நாற்பத்துநான்கு. பாஸ். சனிக்கிழமை நேராக உள்ளே வா.