புகைப்படத்தில் இருக்கும் வாணலியைக் கழுவியது நான்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்பது தங்கள் மாத இதழின் ஏழாம் பக்கத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உடம்புக்கு முடியாதவர்களால் இவ்வளவு உற்சாகமாகப் பொய்யை அச்சடிக்க முடியாது. நானும் நலம். நலமாக இல்லாவிட்டாலும் எங்கள் வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது என்பதால் நலமாகவே இருந்து தொலைக்கிறேன். இந்தக் கடிதத்தை, நான் வேலை பார்க்கும் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில், மதிய இடைவேளையில், ஒரு கையில் சாப்பாடும் ஒரு கையில் பேனாவுமாக உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். கோபம் நேராகத்தான் இருக்கிறது.

பேருந்துப் பணிமனை ஊழியர்களுக்காகத் தாங்கள் நடத்தும் இதழில், இந்த மாதம், 'சமையலறையில் ஒரு சமத்துவ வீரர்' என்று முழுப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருக்கிறது. அந்த வீரர் என் கணவர். பணிமனையில் டியூட்டி போடும் எழுத்தர். எந்த டிரைவர், எந்தக் கண்டக்டர், எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று தினமும் பட்டியல் எழுதி ஒட்டுகிறவர். 'இவர் வீட்டில் மனைவிக்கு ஒரு வேலையும் கிடையாது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். 'வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று இவருக்குத் தெரியாதது எதுவுமில்லை' என்று அதற்குக் கீழே போட்டிருக்கிறீர்கள். ஐயா, பதினாறு வருடமாக ஒரே இடத்தில் இருக்கும் தேயிலை டப்பாவை அந்த மனிதர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

கதையை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ நன்றி கெட்டவள் என்று தாங்கள் நினைக்கக்கூடும். எட்டு மாதத்துக்கு முன் தங்கள் நிர்வாகம் ஆண் ஊழியர்களுக்கு மூன்று நாள் முகாம் நடத்தியது. ஆண்களும் பையன்களும் சேர்ந்தால்தான் பெண்ணுக்குச் சமத்துவம் வரும் என்று சொல்லிக்கொடுக்கிற முகாம். நல்ல விஷயம், நானே அவருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் எனக்கு முதுநிலைப் பரிசோதகர் தேர்வு. அன்று காலை பார்த்து எங்கள் மகனுக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதிக்கிறது. போன் போட்டு "என்னங்க, ஒரு நாலு மணி நேரம் வந்து இவனப் பாத்துக்கங்க, நான் பரீட்சை எழுதிட்டு வந்துடறேன்" என்றேன். "இன்னைக்குத்தாம்மா முக்கியமான வகுப்பு, விட்டா சர்டிபிகேட் கிடையாது" என்றார். என்ன வகுப்பு என்று கேட்டேன். குழந்தை வளர்ப்பில் தந்தையின் பங்கு என்றார். நான் போனை வைத்துவிட்டு ஈரத்துணியை எடுத்தேன்.

சர்டிபிகேட்டோடு வந்தவர் அன்று மாலையே ஒரு பெரிய அட்டையை விரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வீட்டுக்கு டியூட்டிப் பட்டியல் எழுதினார். தனக்கு நீல மை, பதினான்கு வயது மகனுக்குப் பச்சை மை. சமையல், பாத்திரம், துணி, கூட்டுவது, குப்பை, எல்லாம் நீலமும் பச்சையுமாக நிரம்பிவிட்டது. என் பெயரே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அட்டையை மாட்ட ஆணியும் சுத்தியலும் நானே தேடி எடுத்துக் கொடுத்தேன். அப்புறம்தான் அட்டையின் கடைசி ஓரத்தில், பென்சிலில், ஏழு நாளுக்கும் சேர்த்து ஒரே வார்த்தை எழுதியிருந்ததைப் பார்த்தேன்: 'ஸ்பேர்'. பணிமனையில் ஸ்பேர் என்றால் என்ன என்று தங்களுக்குத் தெரியும். தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். டியூட்டிக்கு வர வேண்டிய ஆள் வராவிட்டால் அந்த வண்டியில் ஏற்றிவிடத் தயாராக உட்காரவைத்திருக்கும் ஆள். "இது என்னங்க?" என்றேன். "ஸ்பேர்னா மட்டமா நெனைக்காத. எல்லா ரூட்டும் தெரிஞ்ச சீனியருக்குத்தான் அந்தப் போஸ்ட்டு" என்றார்.

முதல் வாரம் இருவரும் டியூட்டிக்கு வந்தார்கள். இரண்டாம் வாரம் அவருக்கு முதுகு வலி, மகனுக்குப் பரீட்சை. மூன்றாம் வாரம் முதுகு சரியாகிவிட்டது, ஆனால் முகாமில் கற்றதை நாலு பேருக்குச் சொல்லும் பொறுப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த அட்டையில் உள்ள எல்லா வண்டியையும் ஓட்டுவது ஸ்பேர்தான். காகிதத்தில் நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். முன்பெல்லாம் நான் பாத்திரம் துலக்கினால் அது என் வேலை என்றாவது பெயர் இருந்தது; இப்போது அவர் வேலையை நான் செய்கிறேன், பெயர் அவருக்கு. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "ஸ்பேரும் லீவு போட்டா உங்க டிப்போல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "டிரிப் கட் ஆயிடும், அந்த வண்டி அன்னைக்கு ஓடாது. ஆனா என் சர்வீஸ்ல ஒரு நாள்கூட அப்படி விட்டதில்ல" என்று பெருமையாகச் சொன்னார்.

நாலு பேருக்குச் சொல்லும் பொறுப்பு என்றேனே, அந்த நாலு பேர் எட்டுப் பேராகி ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு முன்னறையில் கூடுகிறார்கள். டிரைவர்கள், கண்டக்டர்கள், ஒரு மெக்கானிக். ஒன்பது பேருக்கு இரண்டு தடவை தேநீர், பதினெட்டு டம்ளர். போன மாதம் ஒரு ஞாயிறு, 'பெண்களின் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு' என்று கரும்பலகையில் எழுதிவைத்து அனல் பறக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தேநீர்த் தட்டோடு நடுவில் போய் நின்றேன். "கொஞ்சம் தள்ளிக்கங்க, போர்டு மறைக்குது" என்றார் ஒரு டிரைவர். மெக்கானிக் மட்டும் கொஞ்சம் கூச்சப்பட்டு, இனிமேல் வீட்டுப் பெண்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது, அவரவர் பிளாஸ்க் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஏகமனதாக நிறைவேறியது. அடுத்த ஞாயிறு எட்டுப் பிளாஸ்க்கும் வந்தன. நிரப்பித் தரச்சொல்லி வரிசையாக என்னிடம் நீட்டினார்கள்.

இனி தங்கள் பங்குக்கு வருகிறேன். நான்கு மாதத்துக்கு முன் எனக்கு மறுபடியும் அதே தேர்வு. தோளில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைப் போடுகிறேன், தங்கள் நிருபர் காமிராவோடு மாடிப்படி ஏறிவருகிறார். "பத்து நிமிஷம்மா, நீ இல்லாம எப்படி?" என்றார் என் கணவர். வாணலி கழுவுவது போல ஒரு படம் வேண்டுமாம். வாணலி கரியாக இருந்தது. அழுக்கு வாணலி படத்தில் நன்றாக விழாது என்று நிருபர் சொல்ல, நான் அதைத் தேய்த்துக் கழுவித் துடைத்துக் கொடுத்தேன். சுத்தமான வாணலியை இவர் கழுவினார். நுரை தெரியவில்லை என்று பதினோரு தடவை எடுத்தார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது தேர்வுக் கூடத்தில் கேட் அடைத்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. காவலாளி, "வீட்ல விட மாட்டேன்னுட்டாங்களாம்மா?" என்று இரக்கமாகக் கேட்டார்.

அந்தப் படத்தை நான்கு மாதம் ஊறப்போட்டு இப்போது வெளியிட்டிருக்கிறீர்கள். இடது ஓரத்தில் மணிக்கட்டு வரை ஒரு கை, துண்டை நீட்டிக்கொண்டு தெரிகிறதே, அது என் கை. மீதியைத் தாங்கள் வெட்டிவிட்டீர்கள். கீழ்வீட்டுத் தையல்காரம்மா இதழோடு ஓடிவந்து, "குடுத்து வெச்சவடி நீ, என் வீட்டுக்காரரு குடிச்ச டம்ளரக்கூட நகத்தி வெக்க மாட்டாரு" என்று கண் கலங்கினாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. இவர் கெட்டவர் இல்லை ஐயா. குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, குரலை உயர்த்துவதுகூட இல்லை. கெட்டவராக இருந்தால் என் பக்கம் பேச நாலு பேராவது இருப்பார்கள். இவருக்கு வீரர் பட்டம் கொடுத்த பிறகு நான் வாயைத் திறந்தால், நல்ல புருஷனைக் குறை சொல்லும் பொம்பளை என்று என்னைத்தான் பேசுவார்கள். அந்த வழியையும் அடைத்துவிட்டீர்களே என்றுதான் எனக்கு வயிறு எரிகிறது.

அதையும் பொறுத்திருப்பேன். போன வியாழக்கிழமை, மகன் சாப்பிட்டு முடித்துத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். பட்டியலில் அன்று பாத்திரம் அவன் டியூட்டி. உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, "ஸ்பேர்" என்று குரல் கொடுத்தான். அம்மா என்று கூப்பிடவில்லை. அவன் அப்பா சிரித்தார். இந்தப் பையன் நாளைக்கு ஒருத்தி வீட்டுக்காரனாகப் போகிறவன். பள்ளிக்கூடத்தில் பெண் விடுதலைப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வேறு வாங்கியிருக்கிறான். அவன் அப்பா முகாமுக்குப் போவதற்கு முன் தன் தட்டைத் தானே கழுவிக்கொண்டிருந்தவன் ஐயா அவன். நான் பழக்கிவைத்த பையன்.

இப்போது வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, விருது விழா என்று அழைப்பு அனுப்பியிருக்கிறீர்கள். அதில் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், 'வீரரின் துணைவியார் மூன்று நிமிடம் பேசுவார்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். அதே ஞாயிறு, அதே பத்து மணிக்கு, மூன்றாவது முறையாக எனக்குத் தேர்வு. இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் ஓய்வு பெறும்வரை, எனக்குப் பின்னால் சேர்ந்த பிள்ளைகள் அதிகாரம் பண்ண நான் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இவரோ, "நீ வரலைன்னா என்ன நெனைப்பாங்க? என் மானமே போயிடும்மா" என்று இரண்டு நாளாகக் கெஞ்சுகிறார்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். தேர்வு போனால் போகட்டும். நான் விழாவுக்கு வருகிறேன். அந்த மூன்று நிமிடத்தில் இந்தக் கடிதத்தை மேடையில் வாசிக்கப் போகிறேன். அடுத்த இதழில், அதே ஏழாம் பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில், 'வாணலியைக் கழுவியது மனைவி' என்று தாங்கள் திருத்தம் வெளியிட வேண்டும்.

தங்கள் வீட்டு அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லவும். அவர்கள் கை வேலையாக இருந்தால், முடிந்த பிறகு சொன்னால் போதும்.

இப்படிக்கு,
படத்தின் இடது ஓரத்தில் உள்ள கைக்குச் சொந்தக்காரி

பின்குறிப்பு: தங்கள் அலுவலகம் பணிமனை மாடியிலேயே இருப்பதால் கடிதத்தை இவரிடமே கொடுத்தனுப்பினேன். உறையில் தங்கள் முகவரியைப் பார்த்து, தன்னைப் பற்றிய பாராட்டு என்று நினைத்துப் பிரித்துவிட்டாராம். மாலை வீட்டுக்குக் கொண்டுவந்து என் எதிரிலேயே இன்னொரு முறை முழுவதும் படித்தார். சரி, உறைத்துவிட்டது என்று நினைத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தினார். "பிரமாதமா எழுதியிருக்க. இத ஒரு ஆம்பள வாசிச்சாத்தான் எடுபடும். மேடையில நானே வாசிக்கறேன், உன் மூணு நிமிஷத்தையும் நானே பாத்துக்கறேன், நீ செரமப்படாத" என்றார். அவர் மண்டையில் எதையாவது போடலாம் என்று கை பரபரத்தபோதுதான் ஒன்று புரிந்தது: கல்யாணமான நாளிலிருந்து என் வேலை ஒன்றை இவர் உண்மையாகவே வாங்கிக்கொள்வது இதுதான் முதல் தடவை. உடனே சரி என்றேன். அட்டையில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக, பென்சிலை அழித்துவிட்டு, பேனாவால் எழுதிவிட்டேன்: 'ஸ்பேர் தேர்வு விடுப்பு. டிரிப் கட்.' யாரும் இன்னும் அதைப் பார்க்கவில்லை. மேடையில் வாசிக்க இவருக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டேன்; இந்தப் பின்குறிப்போடு உள்ள கடிதம் தங்களுக்குத் தபாலில் வருகிறது. ஆகவே திருத்தம் எதுவும் வெளியிட வேண்டாம், கட்டுரை அப்படியே இருக்கட்டும். ஞாயிறு காலை சட்டை எங்கே, இஸ்திரிப் பெட்டி எங்கே, மகனுக்குச் சாப்பாடு எங்கே என்று இவர் தங்களுக்குப் போன் செய்தால், ஏழாம் பக்கத்தைப் பார்க்கச் சொல்லவும். எல்லாம் அவருக்குத் தெரியும் என்று அதில்தான் அச்சாகியிருக்கிறது.