எதிர் வண்டி

அட்டெண்டர் எழுந்தான். போர்வையை மடித்தான். வண்டியின் ஆட்டத்துக்குத் தோதாகச் சாய்ந்து நின்று சவரம் செய்தான். வெள்ளைக் கோட்டை மாட்டினான். தூங்குகிறவர்களின் கதவுகளைத் தாண்டி, இடைவழியில் நடந்து சமையல் பெட்டிக்குப் போனான். தினமும் இப்படித்தான்.

சமையலறைச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அந்தப் பக்கம் அடுப்பு, அடுப்பின் முன்னால் அவன் மனைவி. இந்தப் பக்கம் அவன். மூடி போட்ட தட்டை அவள் ஜன்னலில் தள்ளுவாள். தள்ளும்போதே சத்தமாகச் சொல்லுவாள். "ரெண்டாம் ரூம், உப்பில்லாம." "நாலாம் ரூம், உப்புத் தூக்கலா." அவன் எடுத்துக்கொண்டு ஓடுவான். மூடியைப் பயணி முன்னால்தான் திறக்க வேண்டும் என்பது விதி. திறந்து பார்த்தாலும் பயனில்லை. உப்பு கண்ணுக்குத் தெரியாது.

இன்று தட்டு வந்தது. சத்தம் வரவில்லை.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கையை ஆட்டி என்னவோ காட்டினாள். அவன் கையைப் பார்க்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. அவள் திரும்பி அடுத்த முட்டையை உடைத்தாள். டீ குடிக்கவில்லை. வெந்நீர் குடித்தாள்.

டீயைக்கூட விட்டுவிட்டாள் என்றால் விஷயம் பெரியது.

போன வாரம்தான் மேனேஜர் சொல்லியிருந்தார். "இன்னொரு புகார் வந்துச்சுன்னா உன்னை எதிர் வண்டிக்கு மாத்திடுவேன்." எதிர் வண்டி என்றால் இதே தடத்தில் அந்தப் பக்கமிருந்து வருவது. அதற்கு மாறினால் மனைவியை நடுவழியில் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். கையைத் தூக்குவதற்குள் வண்டி தாண்டிவிடும்.

கோபமாக இருக்கிறவளிடம் போய் 'இது யாருக்கு' என்று கேட்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. இரண்டாம் அறைக்கும் நாலாம் அறைக்கும் ஒரு குத்துமதிப்பாக எடுத்துக்கொண்டு போனான்.

இரண்டாம் அறையில் இருந்தவர் ரத்தக்கொதிப்புக்காரர். ஆம்லெட்டை ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார்.

"தம்பி, உங்க சமையல்காரங்களுக்கு இன்னிக்குத்தான் கை வந்திருக்கு."

மேல் படுக்கையிலிருந்து அவர் மனைவியின் கை இறங்கி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனது.

"ஐயையோ, இதுல உப்பு இருக்கு. தட்டைப் பிடுங்குங்க தம்பி."

அட்டெண்டர் பிடுங்கினான். அவர் விடவில்லை.

"அவ அப்படித்தான் சொல்லுவா. நீங்க போங்க."

இழுபறியில் தட்டு அவன் பக்கம் வந்தது. ஆம்லெட் அவர் பக்கம் போனது. கடைசித் துண்டை அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு விழுங்கினார்.

நாலாம் அறையிலிருந்து பயில்வான் எட்டிப் பார்த்தார். "தம்பி, உப்புன்னு ஒண்ணு இருக்கறதை வீட்டுல யாரும் சொல்லலையா?"

அட்டெண்டர் ஜன்னலுக்கு ஓடினான். சுற்றிப் பார்த்துவிட்டுக் குனிந்தான்.

"சரி, ஒத்துக்கறேன். குடையைத் தொலைச்சது நான்தான். உன் தம்பி இல்லை."

அவள் கரண்டியை நிறுத்தினாள். அந்தக் குடைக்காக அவள் தம்பியோடு ஆறு மாதமாகப் பேசவில்லை. அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, வேலை வேலைதான் என்பதுபோல், புதுத் தட்டை ஜன்னலில் வைத்து இரண்டு விரலைக் காட்டினாள்.

அவன் ஜன்னலுக்குள் தலையை நீட்டினான்.

"ரெண்டாவதும் தெரியுமா? சூப்பு விஷயம்தானே? நான் ஊர்ல இருக்கற உன் அக்காகிட்ட விளையாட்டுக்குத்தான் சொன்னேன். பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்குன்னு. அவங்க அதைப் போய் உன்கிட்ட சொல்லணுமா?"

அக்கா சொல்லியிருக்கவில்லை. அது அவள் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. அடுத்த இரண்டு தட்டுகள் தள்ளப்படவில்லை. வீசப்பட்டன.

மார்பில் மோதிய தட்டுகளோடு அவன் ஓடினான். எது எந்தக் கையில் இருந்தது என்பது அவனுக்கே குழப்பம். ஐந்தாம் அறையில் முந்தின நாள் பல் பிடுங்கிக்கொண்ட தையல்காரர். அவர் மூடியைத் திறந்தார். நன்றாக முறுகிய ரொட்டி இருந்தது. வீங்கிய கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். ரொட்டியைத் தட்டில் தட்டிக் காட்டினார். சத்தம் கேட்டது.

அவருக்கான கஞ்சி, துண்டைத் தோளில் போட்டபடி இடைவழிக்கு வந்துவிட்ட பயில்வானிடம் இருந்தது.

"இது நோயாளிக்குக் குடுக்கறது. என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

"நல்லா இருக்கீங்க சார்."

"இதைக் குடிச்சா இருக்க மாட்டேன்."

மூன்று பேரும் சாப்பாட்டுப் பெட்டிக்குக் கிளம்பினார்கள். ரத்தக்கொதிப்புக்காரருக்குப் புகார் எதுவும் இல்லை; அவர் மனைவிக்கு இருந்தது. அவரைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டார். தையல்காரர் சொன்னதை மட்டும் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"என்னய்யா இது?"

"வீட்டுப் பிரச்சினை சார். அவ என்கிட்ட பேசலை."

"வீட்டுப் பிரச்சினையை வீட்டுல வெச்சுட்டு வரணும்."

"வீடே இங்கதான் சார் இருக்கு."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் கல்யாணமாகியிருந்தது.

"போ. கால்ல விழுவியோ, என்ன பண்ணுவியோ. சமாதானமாகிட்டு வந்தா இருக்கலாம். இல்லேன்னா அடுத்த ஸ்டேஷன்ல பெட்டியைத் தூக்கிட்டு இறங்கிக்கோ. எதிர் வண்டி வரும்."

அட்டெண்டர் இந்தத் தடவை ஜன்னலுக்குப் போகவில்லை. சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். வண்டி பாலத்தில் ஏறியது. இரும்பு அதிர்ந்தது. கத்தினால்தான் காதில் விழும்.

"இனிமே மறைக்க ஒண்ணும் இல்லை," என்று கத்தினான். "போன வருஷம் சண்டை போட்டோமே, அன்னிக்கு மேனேஜர்கிட்ட நானேதான் எழுதிக் கேட்டேன், எதிர் வண்டிக்கு மாத்துங்கன்னு. இவ மூஞ்சியில முழிக்காத வண்டி எதுவா இருந்தாலும் பரவாயில்லைன்னு சொன்னேன்."

'இவ' என்பதற்குள் பாலம் முடிந்துவிட்டது. மீதி முழுவதும் தெளிவாகக் கேட்டது. பக்கத்துப் பெட்டியில் ஸ்பூன்கள் நின்றன.

"மறுநாளே வேண்டாம்னு சொல்லிட்டேன்," என்றான் மெதுவாக. அது யாருக்கும் கேட்கவில்லை.

அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். அவனைத் தாண்டிப் போய் மேனேஜர் முன்னால் நின்றாள். அவனைக் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே, பக்கத்துத் தண்டவாளத்தைக் காட்டினாள்.

"எதிர் வண்டியா?" என்றார் மேனேஜர்.

தலையை ஆட்டினாள்.

"யோசிச்சுக்கோம்மா."

யோசிக்காமல் மறுபடி ஆட்டினாள். பயில்வான் பார்வையைக் கஞ்சிக்குத் தாழ்த்தி, வேறு வழியில்லாமல் ஒரு ஸ்பூன் குடித்தார்.

அட்டெண்டர் தன் பெட்டியை எடுக்கப் பின்கோடிக்குப் போனான். அங்கே பாத்திரம் கழுவுகிறவள், வண்டியில் எல்லாருக்கும் அக்கா, முழங்கை வரை நுரையோடு நின்றிருந்தாள். நேற்று சாயங்காலம் வண்டி ஏறும்போது இவர்களோடு சேர்ந்து ஏறியவள். அதற்குப் பிறகு தொட்டியை விட்டு நகரவில்லை.

"பாலம் தாண்டினதும் கேட்டுச்சு," என்றாள். "உனக்கு என்னப்பா வந்துச்சு?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் அக்கா. ஆனா காலையில எதுக்குக் கோபமா இருந்தான்னு மட்டும் இப்ப வரைக்கும் தெரியலை."

அக்கா கையிலிருந்த தட்டைத் தொட்டிக்குள் விட்டாள்.

"காலையில எங்க கோபம்? நேத்து ஏறும்போது உன்கிட்டதானே சொன்னா. நீயும் மூட்டையைத் தூக்கிக்கிட்டு, சரி சரின்னு தலையாட்டினியே."

"என்ன சொன்னா?"

"'தொண்டை கட்டிக்கிச்சுங்க, நாளைக்கு என்னால பேச முடியாது. அதைக் கோபம்னு நினைச்சுக்கிட்டு எதையாவது உளறி வைக்காதீங்க.'"