ஞானத்தந்தைக்கு ஏற்ற தீவு

ஊரிலுள்ள குழந்தைகளுக்கெல்லாம் ஞானத்தந்தையாக நின்றுவிட்டு, அதைச் சுத்தமாக மறந்தும் போய், அதே ஊருக்குக் கிறிஸ்துமஸ் லீவில் தானாகப் படகேறத் துடித்த மனுஷனை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? என் வீட்டில் ஒருவர் இருக்கிறார். பெயர் ரொமுலோ. தாலிக்குப் பதிலாக மோதிரம் போட்டு என்னைக் கட்டிக்கொண்டவர்.

எங்கள் வீடு செபுத் தீவில், மண்டாவே ஊரில். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சோற்றுக்கடையில் நான் சமையல். வருஷம் முழுக்க மீன் செதிள் தேய்க்கிற கை இது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் கடைக்கு நாலு நாள் லீவு. அந்த நாலு நாளும் கடலைப் பார்க்க வேண்டும், மீனைப் பார்க்கக் கூடாது. என் ஆசை அவ்வளவுதான்.

செபுவின் வடக்கே அதற்கு இரண்டு தீவுகள். ஒன்று மலபாஸ்குவா. கையகலத் தீவு, வெள்ளை மணல், சொந்தக்காரர்கள் ஒருவர்கூடக் கிடையாது. இன்னொன்று பாண்டாயன். அங்கேயும் வெள்ளை மணல்தான். ஆனால் மணலைவிட இவருடைய ஒன்றுவிட்ட தம்பிமார்கள் அதிகம். போன தடவை அங்கே போனபோது, கரோக்கி பாட மைக்கைப் பிடித்த இவர் அதை விடவே இல்லை. அவர் பாடப் பாட அந்தத் தெருச் சேவல்கள் கூவுவதை நிறுத்திவிட்டன. நான்? கொல்லையில் குந்தி, கருவாட்டுக்கு மீன் கீறிக் கொடுத்தேன். நாலு நாளும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"இந்த வருஷம் மலபாஸ்குவா" என்றேன்.

"குடும்பத் தலைவன் நான். பாண்டாயன்னா பாண்டாயன்."

"தலைவருக்குக் காலைல காப்பி யாரு போடறது?"

தலைவர் இரண்டு படி இறங்கினார். குழையும்போது நான் அவருக்கு இண்டாய், அவர் எனக்கு டோங்; எங்கள் பக்கத்துச் செல்லப் பெயர்கள். "சண்டை எதுக்கு இண்டாய்? நம்ம கியா சொல்லட்டும். குழந்தை வாயில பொய் வருமா?"

எங்கள் மகள் கியாவுக்கு நாலு வயசு. நடுக்கூடத்தில் அவளை நிறுத்தினார். "கண்ணு, நாம எந்தத் தீவு..."

"பாண்டாயன்!"

கேள்வி முடியவில்லை, பதில் வந்துவிட்டது. அவள் மோவாயைப் பார்த்தேன். ஊதா நிறம். மூக்கு நுனியிலும் ஊதா. ராசவள்ளிக்கிழங்கு ஐஸ்கிரீம்! இவர் சட்டைப் பையில் அதன் மரக்குச்சி எட்டிப் பார்த்தது.

"அப்பறம் என்ன, பாண்டாயனே போவோம்" என்றேன்.

ரொமுலோ குளியலறைக்குள் போய்த் தொண்டையைச் சரிசெய்ய ஆரம்பித்தார். நான் போனை எடுத்தேன். பாண்டாயனில் அவர் தம்பி பெண்டாட்டி ஃபெலிசா.

"ஃபெலிசா, கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் நாங்க வர்றோம்."

"அண்ணனுமா அக்கா?"

"அவரில்லாமலா? அவரோட ஞானப்பிள்ளைங்க எல்லாம் சௌக்கியமா?"

இவ்வளவுதான் கேட்டேன். இதில் ஒரு வார்த்தை பொய்யா? நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஞானஸ்நானத்துக்கு நீனோங்காக, அதாவது ஞானத்தந்தையாக, நிற்கச் சொல்லி யாராவது கேட்டால் மறுக்கக் கூடாது. மறுத்தால் குழந்தைக்கு ஆகாது. ரொமுலோவுக்கோ பொதுவாகவே மறுக்க வராது. தென்னங்கள் ஒரு கோப்பை உள்ளே போய்விட்டால், பிறக்காத பிள்ளைக்கும் நீனோங் ஆகிவிடுவார். அந்தப் பிள்ளைகளெல்லாம் கிறிஸ்துமஸ் சமயத்தில் நீனோங்கைத் தேடி வந்து, அவர் கையை நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். பரிசு வாங்காமல் நகர மாட்டார்கள். அதற்குப் பயந்தே டிசம்பரில் பாதி நீனோங்குகள் கட்டிலுக்கு அடியில் குடியிருப்பார்கள்.

விடிந்ததும் இவர் போன் கதற ஆரம்பித்தது.

'நீனோங், எனக்கு சைக்கிள்!' 'நீனோங், எனக்கு ஷூ, சிவப்புல!' கடைசியாக ஃபெலிசா அனுப்பிய வீடியோ. படகுத்துறையில் பிள்ளைகள் வரிசை. வரிசை படத்துக்கு வெளியேயும் போய்க்கொண்டிருந்தது.

"இண்டாய், யாரு இந்தக் குண்டுப் பையன்?"

"உன் ஞானப்பிள்ளை."

"இந்த இரட்டைப் பொண்ணுங்க?"

"ரெண்டும் உன்னோடதுதான்."

"ஐயோ, இவனுக்கு மீசை இருக்கே!"

"அவன்தான் மூத்தவன். மீசை முளைக்கிற வரைக்கும் உனக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கான், பாவம்."

ரொமுலோ அப்படியே உட்கார்ந்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மலபாஸ்குவால மணல் நல்லா வெள்ளையா இருக்கும்னு சொன்னியே?" என்றார்.

"பாண்டாயன்லயும் வெள்ளைதான் டோங்."

"அங்க காத்து வேற நல்லா வருமாம்."

"நான் என்ன பண்ணட்டும்? குழந்தை சொல்லிட்டா. குழந்தை வாயில பொய் வராதே!"

எழுந்தார். கியாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அவள் நெற்றி வரைக்கும் ஊதா. வாசலிலிருந்தே கத்தினாள்: "மலபாஸ்குவா!"

துறையில் நிற்கிற பிள்ளைகளை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. ஒரு பெரிய பெட்டி நிறையச் சின்னச் சின்னப் பரிசுகள் கட்டி, ஃபெலிசாவுக்கு அனுப்பிவிட்டேன். இவர் புது மைக் வாங்க ஒதுக்கி வைத்திருந்த பணம் அதற்குச் சரியாகப் போதுமானதாக இருந்தது.

மலபாஸ்குவா! காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு மணலில் சாய்ந்தேன். மீனெல்லாம் கடலுக்குள் இருந்தது. அதைக் கீறச் சொல்ல ஆளில்லை. சமைத்ததை யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டு தடவை சாப்பிட்டேன், தட்டைக் கழுவாமல் எழுந்தேன். பக்கத்தில் ரொமுலோவும் காலை நீட்டி ஒரு பெருமூச்சு விட்டார்.

"இங்க என்னை ஒரு பயலுக்கும் தெரியாது இண்டாய். என்ன நிம்மதி!"

அன்று சாயங்காலம் எங்களைப் படகில் அழைத்து வந்த தாசியோ வந்தார். ஒரு கையில் தென்னங்கள் குடுவை. பின்னால் அவர் மனைவி, துணியில் சுற்றிய பச்சைக் குழந்தையோடு. இவருக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். இன்னொன்றும் ஊற்றினார்.

"அண்ணே, படகுல வரும்போதே உங்க முகத்தப் பாத்தேன். ரொம்ப நல்ல முகம். ஞாயித்துக்கிழமை இவனுக்கு ஞானஸ்நானம்..."

ரொமுலோ என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். அதற்குத்தானே வந்தேன்!

மறுக்க வழியில்லை. தலையை ஆட்டினார். தாசியோ சந்தோஷத்தில் குழந்தையை அவர் மடியிலேயே வைத்துவிட்டார். அது இவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

என் பக்கம் மெதுவாகச் சாய்ந்தார்.

"இண்டாய், அடுத்த கிறிஸ்துமஸுக்கு வேற ஒரு தீவு பாத்து வையேன்."