ரேசர் வலி

பிள்ளைத்தாய்ச்சிக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. பப்பாளியைத் தொடாதே, ஒருக்களித்துப் படு, கையை ஊன்றி எழுந்திரு, கிரகணத்தன்று வெளியே தலையை நீட்டாதே என்று வழியில் போகிறவர்கள்கூட நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் என் முதல் பிரசவத்தின்போது எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்த ஒரு விஷயத்தை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் கீழே முடியை எடுக்க வேண்டுமா, வேண்டாமா?

(முகத்தைச் சுளிக்காதீர்கள். பிள்ளை பெற்ற பாதிப் பேர் இதை யோசித்திருப்பார்கள். நான் யோசித்ததோடு நிற்கவில்லை, அதுதான் வினை.)

அப்போது நான் சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் ஆசிரியை. தவளையின் இதயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். மனித இனப்பெருக்கம் என்ற பாடம் வந்தால் மட்டும், "இது ஈஸிதான், வீட்டுல படிச்சுக்கங்க" என்று அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவேன். அப்பேர்ப்பட்ட அறிவாளி, தலைப்பிரசவத்துக்காக மார்க்கையன்கோட்டையில் அம்மா வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

நிறைமாதம். வயிறு எனக்கு முன்னால் ஓர் அடி போய் வாசலில் நிற்கும், பிறகு நான் வருவேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம். குழந்தை எப்படி வெளியே வரப்போகிறது என்பது படத்தோடு பாடமாக எனக்குத் தெரியும். என் உடம்பிலிருந்து வரப்போகிறது என்பதைத்தான் நம்ப முடியவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. டீச்சர் பயப்படலாமா?

அந்த நேரம் பார்த்து வடுகபட்டியிலிருந்து பெரியம்மா மகள் வந்தாள். ராணியக்கா. இரண்டு பிள்ளைகள் பெற்றவள். பிரசவித்த பிறகு எனக்குப் பூண்டுக் குழம்பு வைக்க வேண்டும் என்று ஒரு பை நிறையப் பூண்டு கொண்டுவந்திருந்தாள். அம்மா அடுப்படிக்குப் போன நேரம் என் காதோரம் குனிந்தாள்.

"ஏடி, அங்கன எல்லாம் சுத்தம் பண்ணிட்டியா?"

எங்கள் பக்கத்தில் 'அங்கன' என்றால் அங்கே என்று பொருள். உடம்பில் பேர் சொல்லாத இடத்துக்கும் அதுதான் பேர். இது எந்த அங்கன என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பண்ணணுமாக்கா?"

"பின்ன? நீயாப் பண்ணிட்டுப் போயிரு ஆத்தா. என்னைய ஆஸ்பத்திரியில ஒரு ஆயாம்மா, வலியில நான் கத்துறேன், அது பாட்டுக்குக் கோழிக்கு இறகு பிடுங்குற மாதிரி வறட்டு வறட்டுன்னு... அதுல வேற, 'இம்புட்டுக் காட்டோட வந்துருக்கியே, வீட்டுல ஆளே இல்லையா'ன்னு ஏச்சு. பிள்ள பெத்த வலி மறந்துருச்சு. அது மறக்கல."

சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். எனக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. பிரசவ பயம் முழுவதும் திரண்டு அந்த ஒரே இடத்தில் போய் நின்றுகொண்டது.

அம்மாவிடம் கேட்கலாம் என்று அடுப்படி வரை போனேன். "அம்மா, ஒண்ணு கேக்கணும்." "கேளு." "உப்பு போட்டியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். கோயம்புத்தூரில் வேலையில் இருந்த என் கணவரைப் போனில் பிடித்தேன்.

"ஏங்க, முடி எடுக்கணுமா வேண்டாமான்னு ஒரே குழப்பமா இருக்கு."

அவர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். "இதுல என்ன குழப்பம்? குலசாமி கோயில்லதான் எடுக்கணும். எங்கப்பா அப்பவே சொல்லிட்டாரு. ஒன் தம்பி மடியில உக்கார வச்சுத்தான் எடுக்கணும்."

பிறக்கப் போகும் குழந்தையின் மொட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் போனை வைத்துவிட்டேன். அந்தக் காட்சி மனதிலிருந்து போக இரண்டு நாளானது.

கடைசியில் நானே செய்வது என்று முடிவெடுத்தேன். பிரசவத்தில் எதுவும் என் கையில் இல்லை. இது ஒன்றாவது என் கையில் இருக்கட்டுமே என்று ஒரு வீம்பு. புது ரேசர் வாங்கலாம் என்றால், தெருமுனைக் கடைக்காரர், "மாப்பிள வந்துருக்காகளா?" என்று கேட்பார். இல்லை என்றால், "அப்பறம் யாருக்கு?" என்பார். ஆகவே அப்பா வாழைத்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்த ஒரு காலை நேரத்தில், அவருடைய ரேசரை எடுத்துச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு குளியலறைக்குள் நுழைந்தேன். கைப்பிடியைத் திருகினால் வாயைத் திறக்கும் பழைய இரும்பு ரேசர் அது. அப்பா அதில் முகம் வழித்துவிட்டு வந்தால் தினமும் தாடையில் எங்காவது காகிதத் துணுக்கு ஒட்டியிருக்கும். அதையாவது நான் கவனித்திருக்கலாம்.

ஒரு கையில் ரேசர், ஒரு கையில் முகம் பார்க்கும் கண்ணாடி. முக்காலியில் உட்கார்ந்து குனிந்தேன். வயிறு தெரிந்தது. கண்ணாடியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தேன். ஓட்டுக்கூரை தெரிந்தது, அதிலிருந்த பல்லி தெரிந்தது. சம்பந்தப்பட்ட இடம் மட்டும் தெரியவில்லை. சரி, தவளையையே கண்ணை மூடிக்கொண்டு வரைகிறவள்தானே என்று சோப்பைக் குழைத்துப் பூசி, குத்துமதிப்பாக ஆரம்பித்தேன். ஒரு பக்கம் நன்றாகவே போயிற்று. அடுத்த பக்கம் கையை மாற்றும்போது வயிற்றுக்குள் இருந்தவள் ஓர் உதை விட்டாள். கை நழுவியது. சுரீர் என்றது. சோப்பு எரிகிறது என்று நினைத்துச் சொம்புத் தண்ணீரை ஊற்றினேன்.

தரையெல்லாம் சிவப்பாக ஓடியது.

வெட்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. ரத்தம் வந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததுதான் நினைவுக்கு வந்தது. வயிறு கல்லாக இறுகியது. "அம்மா, ரத்தம்!" என்று கத்தினேன்.

அம்மா கதவை உடைக்காத குறையாக உள்ளே வந்தாள். தரையைப் பார்த்தாள். "ஐயோ, என் புள்ள!" என்ற அவளுடைய சத்தம் தோப்பில் இருந்த அப்பாவுக்கே கேட்டதாம்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. சித்தப்பாவின் குட்டியானை வண்டி வாழைத்தார் ஏற்றத் தயாராக வாசலில் நின்றது. முன்னால் சித்தப்பாவும் அம்மாவும் நானும். பின்னால் வாழைச் சருகின்மேல் அப்பா, தேரில் நிற்பதுபோல் நின்றுகொண்டு வந்தார். ஊர் தாண்டும்வரை ஒருவரையும் விடவில்லை.

"என்னண்ணே, எங்கன போறீக?"

"மகளுக்கு வலி! தேனிக்குப் போறோம்! சாமியக் கும்பிட்டுக்கங்க!"

சின்னமனூரில் என் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியபோதும் இதையே கத்தினார்.

நானோ குழந்தை அசைகிறதா என்று மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. அம்மா என் கையை நெரித்துவிடுவதுபோல் பிடித்திருந்தாள். வீரபாண்டி வந்ததும் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். "ஆத்தா, ரெண்டு உசுரையும் எனக்குக் குடுத்துரு. வர்ற திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்குறேன்." அம்மா அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் பிரியத்தைக் கூடுதலாக ஒரு கரண்டி நெய்யாகத்தான் காட்டுவார்கள். அன்றைக்கு அந்தக் குட்டியானையில், சித்தப்பாவின் பீடி நாற்றத்துக்கு நடுவே, அவள் என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் என்னை மட்டும் உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டரம்மா முதலில் வயிற்றில் கருவியை வைத்தார். மெஷினில் ஒரு சத்தம், ஓடும் குதிரையின் காலடிபோல, டக்டக் டக்டக் என்று வந்தது. "பிள்ள ஜம்முன்னு இருக்கு" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. பிறகு போர்வையை விலக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நர்ஸைக் கூப்பிட்டார். அந்தப் பெண் குமுளிக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்காரி. அவளும் பார்த்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏம்மா, பாதியில நிறுத்திட்ட?" என்றார் டாக்டரம்மா.

"ரத்தம் வந்துருச்சு, டாக்டர்."

"வராம? பிளேடுல வெட்டுனா ரத்தம் வரத்தான செய்யும்."

அந்த மேஜைக்கு அடியில் ஒரு குழி இருந்திருந்தால் அப்படியே இறங்கியிருப்பேன். டாக்டரம்மா சிரிக்காமல் பேச ரொம்பச் சிரமப்பட்டார். "இத யாரு ஒன்ன எடுக்கச் சொன்னா? முன்ன எல்லாருக்கும் எடுத்துட்டுதான் இருந்தோம். இப்ப அப்படி இல்ல. முடி பாட்டுக்கு இருக்கட்டும், அதனால பிரசவத்துக்கு ஒண்ணும் ஆகாது. வழிச்சாத்தான் தோல் கீறும், கிருமி உள்ள போகும். தேவைப்பட்டா நாங்களே கத்தரிச்சுவிட்டுக்குவோம். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல?"

எத்தனை மாதம் அவரிடம் போயிருக்கிறேன்! இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டிருக்கிறேன்!

"என்ன படிச்சிருக்க?"

"எம்.எஸ்ஸி. விலங்கியல்."

அதற்குமேல் நர்ஸால் தாங்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். கதவுக்கு வெளியே அம்மாவின் பதற்றமான குரலும், நர்ஸின் சிரிப்புக் குரலும் கேட்டன. "அம்மே, பேடிக்கண்டா. இது வலியில்லா. ரேசர், ரேசர்!" பயப்பட வேண்டாம் என்று மலையாளத்தில் சொன்னதோடு, தாடையில் கையை வைத்து வழித்தும் காட்டியிருக்கிறாள்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தூரத்தில் நின்ற அப்பா வேகமாக வந்தார். "என்னவாம்? என்ன சொன்னாக?"

அம்மா வாழ்நாளில் அப்பாவிடம் பொய் சொன்னதில்லை. உண்மையையும் சொல்ல முடியாது. "அது... ஒண்ணுமில்லீங்க. ரேசர்... ரேசர் வலியாம்."

"ரேசர் வலியா? இங்கிலீசுப் பேரா?"

"ஆமா. இங்கிலீசுதான்."

அப்பா முகம் தெளிந்துவிட்டது. பேர் இருக்கிற நோய்க்கு மருந்தும் இருக்கும் என்பது அவர் கட்சி.

திரும்பி வரும்போது ஊர் எல்லையிலேயே கூட்டம். "என்ன பிள்ளை?" என்று ஓடி வந்தார்கள். போன வயிறு அப்படியே திரும்பி வந்திருப்பதைப் பார்த்துக் குழம்பினார்கள். அப்பா பின்னாலிருந்து விளக்கினார். "இது நெச வலி இல்லப்பா. ரேசர் வலின்னு ஒண்ணு இருக்காம். டாக்டரே சொல்லிட்டாக. நெச வலி பின்னாடி வருமாம்." என் பக்கத்தில் அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். "கூறுகெட்டவளே, எங்கிட்டக் கேட்டா என்ன?" என்றாள். "நீ சொல்லிருப்பியா?" என்றேன். யோசித்தாள். "சொல்லிருக்க மாட்டேன்தான்" என்றாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சித்தப்பா ஒன்றும் புரியாமல் தன் பங்குக்கு ஹாரனை அடித்தார்.

நெச வலி அடுத்த வாரம் வந்தது. அந்தக் குமுளிக்காரி என்னைப் பார்த்ததுமே, "ஆ, ரேசர் சேச்சி வந்நு!" என்றாள். வலிக்கு நடுவில் சிரித்தேன். வேறு யாரும் என் முடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை; வழித்த பக்கம் மட்டும் முளைவிட்டு அரித்த அரிப்பை நான் மட்டும் அறிவேன். மகள் பிறந்தாள். அம்மா வேண்டியபடியே வீரபாண்டியில் தீச்சட்டி எடுத்தாள். "கீறலுக்குப் போயா?" என்று கேட்டேன். "நேந்தது நேந்ததுதான்" என்றாள்.

மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அம்மாவும் நானும் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். அப்பாவிடம் மட்டும் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஊரில் யார் மாசமாக இருந்தாலும் அப்பா அக்கறையோடு விசாரிப்பார். "அவசரப்படாதீகப்பா. நெச வலியா, ரேசர் வலியான்னு மொதல்லப் பாருங்க." அவர் சொல்லிச் சொல்லி அது தெருவெல்லாம் பரவிவிட்டது.

போன மாதம் எங்கள் ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த கிராம செவிலியர் வீட்டுக்கு வந்திருந்தார். காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டார். "எல்லா ஊர்லயும் பொய் வலின்னு சொல்வாங்க. ஒங்க ஊர்ல மட்டும் ஏன் ரேசர் வலின்னு சொல்றாங்க?"

மகள் குபுக்கென்று எழுந்து உள்ளே ஓடினாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அம்மா முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"அது ரொம்பப் பழைய வார்த்தைம்மா" என்றாள். "எங்க முன்னோர் காலத்துலருந்தே இங்கன அப்படித்தான் சொல்றாக."