பள்ளக் கட்சிக்காரன் ஓட்டைக் கட்சிக்காரனுக்கு எழுதுவது

மரியாதைக்குரிய மைத்துனன் ஹோலிஸ் ட்ரவுனுக்கு, உன் அக்காள் ஏவிஸின் புருஷன் மெர்ட்டன் கோப்லி வெர்மான்ட் மலையிலிருந்து எழுதிக்கொண்டது. இங்கே ஏவிஸ், நாய், விறகடுப்பு, டிரக் எல்லாம் சுகம். என் வலது கண் ஒன்றுதான் சுகமில்லை. அங்கே ஆபரேஷனில் வைத்த உன் புது இடுப்பெலும்பும் மகள் வீட்டாரும் சுகமென்று நம்புகிறேன். இடுப்பு சரியாகி ஒரு வருஷம் ஆன பிறகும் ஹார்ட்ஃபோர்டில் அந்த மாடி வீட்டில் உட்கார்ந்து என்னதான் பண்ணுகிறாயோ, அது எனக்குத் தேவையில்லாத விஷயம்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது. நம்முடைய பழைய மாடல் லீவர் துப்பாக்கிக்குப் பொருந்துகிற ஓட்டைக் குறி, அதாவது குறிபார்க்கிற உன் ஓட்டை வட்டு, ஒன்று உன்னிடம் உபரியாகக் கிடக்கிறது. அதைப் பார்சலில் அனுப்பி வை. ஆமாம், நானேதான் கேட்கிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

நீ, நான், ராய்ஸ், லூசியன் நாலு பேரும் வருஷா வருஷம் வேட்டைக்குத் தங்கின நம் குடிலில் இருந்தது இரண்டே கட்சி. குழல் முனையில் இருக்கிற மணியை, பின்னால் கொம்பு மாதிரி வளைந்த தகட்டின் பள்ளத்தில் உட்காரவைத்துச் சுடுகிற கட்சி என்னுடையது. கண்ணுக்குப் பக்கத்தில் ஓட்டை போட்ட வட்டை வைத்து அதன் வழியாக மணியைப் பார்க்கிற கட்சி உன்னுடையது. சாவித் துவாரத்தில் எட்டிப் பார்க்கிற பயல் என்று நான் உன்னைச் சொல்வேன், மாட்டுக் கொம்புக்காரன் என்று நீ என்னைச் சொல்வாய், ராய்ஸ் இரண்டு பக்கமும் ஆமாம் போட்டுக்கொண்டே பீன்ஸ் பானையைக் காலி பண்ணிவிடுவான். லூசியன் அடுப்பைக் கிளறியபடி, “ரெண்டு பேரும் வாயால சுட்டிருந்தா இந்நேரம் மலையில ஒரு மான் மிஞ்சியிருக்காதுடா” என்பான். அந்தப் பனிக்காலம் ஞாபகம் இருக்கிறதா? ஃபிர் மரத்துக்குக் கீழே நீ குறி வைக்கிறாய், கிளையிலிருந்து பனி பொத்தென்று விழுந்து உன் ஓட்டையை அடைத்துவிட்டது, நீ புல்லாங்குழல் மாதிரி அதை ஊதிக்கொண்டு நிற்கிறாய், எட்டுக் கிளைக் கொம்பு வைத்த மான், அந்தக் கொம்பன், நின்று நிதானமாக உன்னைப் பார்த்துவிட்டுப் போனான். மானைத் தவறவிட்டவன் சட்டை வாலை வெட்டிச் சுவரில் ஆணியடிக்கிறது வழக்கமாச்சே, நான் கத்திரியோடு வந்தேன். “அத்தான், நான் சுடவே இல்லையே! சுடாதவன் எப்படித் தவறவிட்டவனாவான்?” என்று நீ கட்டிலைச் சுற்றிச் சுற்றி ஓடினாய். லூசியன்தான் தீர்ப்பு சொன்னான்: “ஊதினதும் ஒரு சூடுதான். வெட்டு!” அந்தச் சிவப்புக் கட்டம் போட்ட துணி இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அந்தச் சிரிப்பு மாதிரி ஒரு சிரிப்பு அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை.

சரி, கண் கதை. போன மாதம் குடிலுக்குப் பின்னால் மணல்மேட்டுக்கு முன்னே கட்டையில் காகிதத் தட்டை அடித்துவிட்டு ஐம்பது கஜம் தள்ளி உட்கார்ந்தேன். பள்ளத்தைப் பார்த்தால் மணி கரைகிறது, மணியைப் பார்த்தால் தட்டு கரைகிறது, தட்டைப் பார்த்தால் பள்ளம் இரண்டாகத் தெரிகிறது. மூன்று தோட்டாவில் ஒன்றுகூடத் தட்டில் படவில்லை. சட்டம் உனக்குத் தெரியும், போட்டவனே நான்தான்: மூன்றும் தட்டுக்குள் விழாதவன் அந்த வருஷம் துப்பாக்கியைத் தொடக்கூடாது, சமையல்தான். குற்றுயிராக ஓடிப்போய் ஒரு மான் புதரில் கிடந்து சாகிறதைவிட நாம் பீன்ஸ் கிளறலாம் என்று அன்றைக்கு மேசையைத் தட்டிப் பேசினேன். இன்றைக்கும் அதுதான் நியாயம். ஆனால் சாப்பிட ஆளில்லாத குடிலில் நான் யாருக்கு ஹோலிஸ் சமைப்பேன்?

அதற்காக உடனே ஓட்டைக்கு மாறிவிடுவேனா? மானம் மரியாதை இல்லையா? முதலில் மணிக்கு உன் அக்காளின் நகப்பூச்சை எடுத்துச் சிவப்பு அடித்தேன். மணி பளிச்சென்று தெரிந்தது, வேறெதுவும் தெரியவில்லை, அதோடு வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் பட்டாணி அளவில் பெரிய மணி வாங்கிப் போட்டேன். அது தட்டையே முழுசாக மூடிவிட்டது. தட்டு இருக்கிறதா காற்றில் பறந்துவிட்டதா என்று துப்பாக்கியை இறக்கி இறக்கிப் பார்க்கவேண்டியிருந்தது. பிறகு வெளிச்சத்தை இழுத்துப் பச்சையாக மின்னுகிற பிளாஸ்டிக் மணி. கடைக்காரப் பெண் “தாத்தா, இது இருட்டிலயும் கண்ணைப் பறிக்கும்” என்றாள். பறித்தது வாஸ்தவம், ஆனால் டிரக் கதவில் ஒரு இடி இடித்ததும் ஒடிந்து விழுந்துவிட்டது, நாய் அதை முழுங்கிவிட்டது. கடைசியாகப் பழைய மணியையே மாட்டினேன். தோட்டா இடது பக்கம் போகிறதே என்று மணியைச் சுத்தியலால் வலது பக்கம் தட்டினேன். இன்னும் இடது பக்கம் போனது. இன்னும் பலமாக வலது பக்கம் தட்டினேன். பின்குறியைத் தோட்டா போகவேண்டிய பக்கமும் முன்மணியை அதற்கு எதிர்ப்பக்கமும் நகர்த்தவேண்டும் என்று ஊருக்கே பாடம் எடுத்தவன் நான்! அடுத்த தோட்டா தட்டுக்கு இடது பக்கம் மேப்பிள் மரத்தில் பால் வடிக்க வசந்தத்தில் மாட்டி இன்னும் கழற்றாமல் விட்டிருந்த என் சிரப் வாளியைத் துளைத்துக்கொண்டு போனது. ஓட்டைக் கட்சி வேண்டாம் வேண்டாம் என்றவனுக்கு வாளியே ஓட்டை.

துப்பாக்கி ரிப்பேர் பண்ணுகிற க்ளோவிஸ் கான்யோனிடம் கொண்டுபோனேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“துப்பாக்கிக்கு ஒண்ணும் இல்ல பெரியவரே. கண்ணுக்குத்தான் வயசாயிடுச்சு. ஓட்டைக் குறி போட்டா பின்னாடி எதையும் உத்துப் பாக்கவேண்டாம், கண்ணு தானா நடுவுல போய் நிக்கும்.”

“அதுக்கு நான் செத்துப்போகலாம்.”

“அப்ப தொலைநோக்கி போடுங்க.”

“காலித் தோட்டா மேல தெறிக்கிற துப்பாக்கிடா இது, அதை எங்க வைப்ப, என் தொப்பியிலயா?”

“அப்ப ஓட்டைதான். ஆனா இந்தப் பழைய மாடலுக்குப் பொருந்துறது இப்ப வர்றதில்ல. ஹோலிஸ்கிட்ட ஒண்ணு இருந்துச்சே? அவரு வருஷா வருஷம் சொன்னாரு, நீங்க கேட்டீங்களா?”

வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அக்காள் சப்பாத்து கழற்றக்கூட விடவில்லை. “என் தம்பி சொன்னப்பல்லாம் அவன் வாயை அடைச்சீங்க. இப்ப அவன்கிட்டயே கையேந்துங்க! கண்ணு தெரியலன்னு சொல்றதுல என்ன கௌரவக் குறைச்சல் உங்களுக்கு?” என்றாள். அவள் சொல்கிறது நியாயம்தான், அவளிடம் சொல்லிவிடாதே.

ஆகவே கேட்கிறேன். அந்த ஓட்டைக் குறியைப் பழைய காலுறையில் சுற்றி, திருகாணி இரண்டையும் மறக்காமல் சேர்த்து, உடனே தபாலில் போடு. இதற்காக நீ கிளம்பி வந்துவிடாதே. இங்கே குளிர் அதிகம், குடில் ஏணி வேறு ஆடுகிறது, உன் இடுப்புக்கு ஒத்துக்கொள்ளாது. எனக்குத் தனியாக இருப்பது பழகிவிட்டது. ராய்ஸும் லூசியனும் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள், நீ ஹார்ட்ஃபோர்டு போய்ச் சேர்ந்தாய், போன வருஷம் நான் மட்டும் போய் நாலு பேர் பானையை வைத்து நாலு நாளும் பீன்ஸ் தின்றேன். ஒரு கொம்பனைத் தவறவும் விட்டேன். சட்டை வாலை வெட்டத்தான் ஆளில்லை. நானே பின்னால் கையை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

உன் மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசீர்வாதம். ஆண்டவன் உனக்குக் கடைசிவரை பல்லும் பசியும் குறையாமல் வைக்கட்டும். உன் அக்காள் ஊறுகாயும் முத்தமும் அனுப்புகிறாள். ஊறுகாய் மட்டும் பாட்டில் உடையுமே என்று இங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
பள்ளக் கட்சியின் முன்னாள் தலைவன்,
மெர்ட்டன் கோப்லி

பி.கு.: இதைப் படித்துப் பார்த்த ஏவிஸ் “பொய்யை எழுதி ஸ்டாம்பு வேற ஒட்டணுமா” என்று திட்டுகிறாள். உண்மை என்னவென்றால், க்ளோவிஸ் போன செவ்வாய்க்கிழமையே தன் மேசை இழுப்பறையைக் கவிழ்த்து ஒரு ஓட்டைக் குறியைத் தேடியெடுத்து மாட்டிக் கொடுத்துவிட்டான். மூன்று தோட்டாவும் தட்டுக்குள், ஒரு கைப்பிடிக்குள். நீ சொன்னது சரிதான்டா மச்சான், இத்தனை வருஷமும் நீதான் சரி. அதை முகத்துக்கு நேரே சொல்ல உன் முகம் இங்கே இல்லை. பார்சல் ஒன்றும் அனுப்பவேண்டாம். வேட்டைக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸுக்கு வைட் ரிவர் ஜங்ஷனில் டிரக்கோடு நிற்பேன். நீ பதில் எழுதி ஸ்டாம்பை வீணாக்காதே, வருகிறாயா என்று நான் கேட்கவில்லை.